யானைக்கு ஓர் ஒழுங்கை

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் நாங்கள் வன்னிக்குக் குடிபோனோம். லொறியின் முன் இருக்கையில் சாரதிக்கும் என் கணவருக்கும் நடுவில் நான் நெருக்குப்பட்டுக்கொண்டு இருந்தேன். பின்னால் ஒரு மூலையில் இரண்டு பாய், நாலு பானை, என் புத்தகப் பெட்டி. மிச்ச இடம் முழுவதும் கிளுவைக் கதியால். வேலிக்கு நடுகிற அந்தத் தடிகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி, வாடாமல் ஈரச்சாக்குப் போட்டு மூடி, வழியில் இரண்டு இடத்தில் இறங்கித் தண்ணீர் வேறு தெளித்தார் என் கணவர். எனக்கு ஒரு சோடா வாங்கித் தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"கட்டில் கொண்டு வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"கட்டிலைப் பிறகு பாப்பம். முதல்ல வேலி," என்றார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு கதியாலை நாலு விரல் தள்ளி நட்டதற்காகப் பேச்சுவார்த்தையில்லாமல் போன சகோதரர்கள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். என் கணவர் வீட்டிலும் ஒரு வழக்கு. அவர்கள் பங்குக் கிணற்றுக்குப் போகிற ஒழுங்கையைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் குறுக்கே வேலி போட்டு அடைத்துவிட்டார். வழக்கு நீதிமன்றத்தில் இழுபட்டுக் கிடந்த வருஷங்களில் என் கணவருடைய அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றித் தண்ணீர் அள்ளினா. கடைசியில் இவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. அதற்குள் அம்மாவும் இல்லை, கிணற்றுத் தண்ணீரும் உப்பாகிவிட்டது. இந்தக் கதையைப் பெண் பார்க்க வந்த அன்றே எனக்குச் சொல்லிவிட்டார். வேறு என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லைப்போலும்.

ஊரில் அவருக்கென்று இருந்தது ஐந்து பேருக்குப் பிரிக்க வேண்டிய ஒரு துண்டு நிலம். அதனால்தான் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுநிலமும் கிடைத்தபோது மனிதர் நிலத்தில் கால் பாவாமல் நடந்தார். வயலை இயந்திரம் விட்டு வெளியாக்கித் தந்திருந்தார்கள். மேட்டுநிலம் காடாகவே கிடந்தது. அதை ஒரு வருஷத்துக்குள் முழுவதும் வெட்டித் துப்புரவாக்கி, வீடு கட்டிப் பயிர் வைக்க வேண்டும். தவறினால் பேர்மிட் ரத்து, காணி வேறொருவருக்கு. அந்தப் பேர்மிட்டை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் கொழுவினார். காலையில் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கும்பிடு.

எனக்குக் குடியேற்றத்துப் பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பிக்கிற வேலை. கிடுகுக் கொட்டில், அரைச்சுவர், ஒரு கரும்பலகை, சுருட்டி வைக்கிற உலகப்படம் ஒன்று. அந்தப் படத்தில் உலகத்தின் இயற்கைப் பிரதேசங்களுக்கெல்லாம் ஒவ்வொரு நிறம் அடித்திருந்தார்கள். துந்திராவுக்கு நாவல் நிறம், பாலைவனத்துக்கு மஞ்சள், புல்வெளிக்கு இளம்பச்சை, மழைக்காட்டுக்குக் கரும்பச்சை. எங்கள் இலங்கை ஒரு மாங்கொட்டை அளவு. அதை அப்படியே ஒரே இழுவையில் கரும்பச்சை ஆக்கியிருந்தார்கள்.

ஆனி மாதம். காட்டில் பாலைப்பழம் பழுத்துக் கொட்டுகிற காலம். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் உதட்டிலும் பழத்துப் பால் பிசின்போல ஒட்டிக்கிடந்தது. வாய் திறக்கவே கஷ்டப்பட்டார்கள், அதனால் வகுப்பு அமைதியாக இருந்தது. அப்படியிருந்தும் ஒரு பெண்பிள்ளை எழும்பிக் கேட்டாள்:

"ரீச்சர், எங்கட காடு எந்த நிறத்திலை கிடக்கு?"

நான் கரும்பச்சையைத் தொட்டுக் காட்டினேன். "மழைக்காடு. வருஷம் முழுக்க மழை பெய்யும். மரமெல்லாம் ஈரமா இருக்கும்."

பிள்ளைகள் அரைச்சுவருக்கு மேலால் வெளியே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மாதக்கணக்காக ஒரு துளி மழை இல்லை. வெய்யிலில் மண் வெடித்துக் கிடந்தது. பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வகுப்பு முழுவதையும் எழுப்பி நிறுத்தினேன். நான் பிழைவிட்ட நாட்களில்தான் பிள்ளைகளுக்குத் தண்டனை அதிகம் என்பது பின்னாளில் எனக்கே தெரியவந்த உண்மை.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் அந்தக் காட்டை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். அவ்வளவு வறட்சியிலும் பாலையும் வீரையும் இலை உதிர்க்காமல் பச்சையாக நின்றன. இலையைப் பிடுங்கி மடித்தேன், தோல்போலத் தடிப்பாக இருந்தது. தண்ணீரைச் சிக்கனமாக வைத்துச் சீவிக்கிற இலை. மழைக்காடும் இல்லை, பாலைவனமும் இல்லை, படம் கீறினவருக்குத் தெரியாத ஒரு காடு. மறுநாள் வகுப்பில், "நான் சொன்னது பிழை" என்று சொல்லிவிட்டுப் பச்சைச் சோக்கையும் மண்ணிறச் சோக்கையும் குழைத்துக் கரும்பலகையில் ஒரு புது நிறம் உண்டாக்கினேன். அதற்குப் பிள்ளைகள் வன்னி நிறம் என்று பெயர் வைத்தார்கள். மான், மரை, கரடி, மயில் என்று அந்த நிறத்துக்குள் அவர்கள் எழுதச் சொன்னவற்றுக்கு இடம் போதவில்லை.

அதே தவணையில் அமெரிக்கப் புல்வெளிகளைப் பற்றியும் படிப்பித்தேன். குடியேறியவர்கள் வந்து நிலத்தை உழுது வேலியடைத்ததையும், காட்டெருமைகள் போய்வந்த தடங்கள் அறுபட்டதையும், துவக்குகளால் அவற்றைச் சுட்டதையும் பற்றி உணர்ச்சியோடு சொன்னேன். பிள்ளைகள் பாவம் பாவம் என்றார்கள். நானும் பாவம் என்றேன். அந்த நேரத்திலும் வெளியே கோடரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காடு கிழமைக்குக் கிழமை தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. பாடம் முடிந்து வீட்டுக்குப் போய், கணவர் வேலி அடைக்கக் கயிறு எடுத்துக் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வேலி நல்ல வேலிதான். மேட்டுநிலத்தை நாலு பக்கமும் சுற்றி, கதியால் நட்டு, கம்பு வரிந்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பனையோலையால் அடைத்திருந்தார். உள்ளே கால்வாசி இன்னும் காடு. வடக்குப் பக்கத்து அந்தக் காட்டுத்துண்டைக் கடைசியாக வெட்டுவதாக இருந்தார். ஒருநாள் காலையில் பார்த்தால் வடக்குப் பக்கத்தில் ஒரு வண்டில் போகிற அளவுக்கு வேலி படுத்துக் கிடந்தது. அதற்கு நேரே எதிரில், காணிக்கு அப்பால் ஒரு சின்னக் குளம் இருந்த பக்கமும் அப்படியே.

"ஆரோ மாட்டை இதாலை ஓட்டிச் சாய்ச்சிருக்கிறாங்கள்," என்று அயல் காணிகளைப் பார்த்து உரத்துச் சொன்னார். திரும்ப அடைத்தார். ஐந்தாம் நாள் திரும்பப் படுத்தது. இந்த முறை மண்ணில் காலடி தெரிந்தது. நான் குசினியிலிருந்து அரிசி புடைக்கிற சுளகை எடுத்துவந்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறையச் சரியாக இருந்தது. இரண்டு பேரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினோம், பட்டப்பகலில்.

எங்களுக்கு எருமைத்தயிர் கொண்டு வருகிறவ பக்கத்துப் பழைய கிராமத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். தலையில் தயிர் முட்டியோடு வந்தவ, விழுந்த வேலியைக் கண்டதும் முட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினா. நிற்கவேயில்லை.

"என்னத்துக்குச் சிரிக்கிறீர்?" என்று நான் சீறினேன்.

"கோவிக்காதேங்கோ ரீச்சர். பெரியவர் குளத்துக்குப் போற வழியெல்லே இது. இந்தக் கோடையிலை தண்ணி நிக்கிறது அந்தச் சின்னக் குளத்திலைதான். வழிக்குக் குறுக்காலை வேலியைப் போட்டால் அவர் என்ன, பறந்தே போறது?"

யானை என்ற சொல்லை அவ வாயில் எடுக்கமாட்டா. பெரியவர் என்றுதான் சொல்லுவா.

"எங்களுக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"யாழ்ப்பாணத்தார் எல்லாம் தெரிஞ்சாக்களெண்டு பேசாமல் இருந்திட்டம்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தா.

என் கணவருக்கு இது சிரிப்பாக இல்லை. "எனக்கெண்டு அரசாங்கம் எழுதித் தந்த காணி. யானை வேணுமெண்டால் சுத்திப் போகட்டும்," என்றார். மூன்றாம் முறை கதியாலுக்குப் பதிலாகப் பாலைமரத் தூண் நட்டார். பக்கத்துக் காணிக்காரர் துவக்கு இரவல் தருவதாகச் சொன்னார். அதிகாரிகள் காணி பார்க்க வருவதற்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. அதற்குள் வடக்குக் காட்டை வெட்டிச் சுட்டுத் தென்னம்பிள்ளை வைத்து முடிக்க வேண்டும், யானை வந்தால் வெடி வைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். எனக்கு அந்த யானையை நினைத்தும் பயம், துவக்கோடு அதற்கு முன்னால் போய் நிற்கப்போகிற இவரை நினைத்தும் பயம். காணி போய்விடுமோ என்ற பயத்தில் அவருக்கு வேறு பயங்கள் ஒன்றும் தெரியவில்லை. அந்த நாட்களில் எங்களுக்குள் ஒரு நல்ல கதை இல்லை. தயிர் புளித்தாலும் சண்டை, விளக்குத் திரி கருகினாலும் சண்டை.

ஆடியில் ஒரு பின்னேரம், வெய்யில் தாழ்கிற நேரம். தூண் வேலி முடித்துக் கைகால் கழுவிவிட்டு அவர் வாசலில் குந்தியிருந்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வடக்குக் காட்டு மரங்களுக்கு ஊடாக, வேலிக்கு மேலால் ஒரு முதுகு தெரிந்தது. பிறகு இன்னொன்று. விழுந்த வேலியைத் திரும்ப அடைத்ததில் ஓலை ஒழுங்காகப் பொருந்தாத ஒரு இடைவெளியால் மிச்சமும் தெரிந்தது. ஐந்து யானைகள். நடுவில் ஒரு குட்டி.

அவை உடனே உடைக்கவில்லை. அதைத்தான் நான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரிய யானை தும்பிக்கையால் வேலியைத் தொட்டுத் தொட்டு இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை போனது. திரும்பி வந்தது. பொழுதுபட வீட்டுக்கு வந்தவர்கள் கதவு பூட்டிக் கிடப்பதைக் கண்டு திகைப்பதுபோல மற்றவை நின்றன. குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே புகுந்துகொண்டு சிணுங்கியது. அதற்குத் தண்ணீர் விடாய் என்று பிள்ளை பெறாத எனக்கும் விளங்கியது.

நான் தாழ்ந்த குரலில் சொன்னேன்: "இஞ்சாருங்கோ. அண்டைக்கு உங்கட ஒழுங்கையை அடைச்சவர் ஒராள். இண்டைக்கு இந்த ஒழுங்கையை அடைச்சது ஆர்?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? உங்கட அம்மா குடத்தோட சுத்தி நடந்தவா. இது குட்டியோட நிக்குது."

பெரிய யானை நெற்றியைத் தூணில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளியது. நாலு நாள் வேலை நாலு நொடியில் சாய்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து, எங்கள் வாழைகளையும் புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளையும் திரும்பியும் பாராமல் கடந்து, குளத்துப் பக்கத்து வேலியையும் அதே மாதிரிச் சாய்த்துவிட்டுப் போய்விட்டன. சற்று நேரத்தில் குளத்தில் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

காலையில் நான் எழும்பும்போது அவர் கதியால் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"துவக்கு?" என்றேன்.

"வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். நூலைப் பிடியும்."

பிறகு தொடங்கியது கூத்து. மனிதர் மனம் மாறினாரேயொழிய யாழ்ப்பாணத்தான் மாறவில்லை. வேலியில்லாமல் விடுகிற எண்ணமே அவருக்கு இல்லை. வடக்குக் காட்டிலிருந்து குளத்துப் பக்கம்வரை இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒழுங்கை. எங்கள் ஊரில் கோயிலடிக்குப் போகிற ஒழுங்கை எப்படி இருக்குமோ அப்படி. எவ்வளவு அகலம் விடுவது என்பதில் மூன்று நாள் யோசனை. யானையின் அகலம் புத்தகத்தில் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். நான் தேடினேன், இல்லை. சுளகை வைத்து அடியிலிருந்து கணக்குப் பார்த்தார். பிறகு தயிர்க்காரியைக் கேட்டார். அவ இரண்டு கையையும் விரித்து, "இவ்வளவு," என்றா. இவர் அதை முழக்கோலால் அளந்துகொண்டார். தேவைக்கு மேலே ஒரு விரல் விடக்கூடாது என்பதில் குறியாக இருந்தார். அதற்குள் நிற்கிற பாலையையும் வீரையையும் வெட்டப் போனபோது அவ தடுத்தா.

"மரத்திலை கை வைக்காதேங்கோ. மரமில்லாட்டில் அவை நம்பி வராயினம்."

ஒழுங்கைக்கு வெளியே இருந்த காட்டை வெட்டி முடித்தார், உள்ளே மரங்கள் அப்படியே நின்றன. செய்தி பரவ, குடியேற்றத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். யானைக்கு ஒழுங்கை விட்டவர் என்று அவருக்குப் பெயர் விழுந்தது. சந்தையில், "ஒழுங்கை வாசலுக்குப் படலை எப்ப போடப்போறியள்?" என்று கேட்டார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் வன்னி நிறத்துக்குள் இரண்டு கோடு கீறி, அதற்கு நடுவில் யானையையும், யானைக்குப் பின்னால் முழக்கோலோடு ஒரு ஆளையும் கீறியிருந்தார்கள். நான் வெளியே கோபித்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தேன்.

முதலில் அந்த ஒழுங்கையால் நடந்தது தயிர்க்காரிதான். குறுக்குவழி கிடைத்துவிட்டது என்று அவவுக்குச் சந்தோஷம். யானைகள் ஒரு கிழமைக்கு மேல் எட்டிப்பார்க்கவில்லை. எனக்கு ஒரே கலக்கம். வேறு எங்கேயோ போய்விட்டனவோ, வேறு யாருடைய துவக்குக்கு முன்னால் நிற்கின்றனவோ என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். பிறகு ஒருநாள் காலையில் ஒழுங்கைக்குள் புதுச்சாணம் கிடந்தது. இவர் அதைக் காட்ட என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கலியாணத்துக்குப் பிறகு அவர் என் கையைப் பிடித்தது அதுதான் இரண்டாம் தரம். அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் பல் துலக்க முன்னம் ஒழுங்கைக்குள் ஒரு நடை போய்வருவார். வேலியில் என்ன சேதம் என்று பார்க்கத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன்.

மாரிக்கு முன்னம் அதிகாரி வந்தார். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆளோடு காணியைச் சுற்றினார். வீடு சரி, கிணறு சரி, தென்னம்பிள்ளை சரி. வடக்குப் பக்கம் வந்ததும் நின்றார்.

"இது என்ன?"

"ஒழுங்கை, ஐயா."

"ஆருக்கு?"

இவர் ஒரு முறை தொண்டையைச் செருமினார். பிறகு தொடங்கினார் பாருங்கள், நீதிமன்றத்து அப்புக்காத்து கெட்டார். காலாகாலமாகப் போய்வந்த வழி என்றார். பேர்மிட்டுக்கு முந்திய பாவனை என்றார். வழிவாய்க்கால் உரிமையை ஒருவரும் அடைக்க முடியாது என்றார். அதிகாரி நல்ல மனிதர், சிரிக்காமல் கேட்டார்.

"எல்லாம் சரி. ஆனா வெட்டாத காடு வெட்டாத காடுதான். நான் இப்பிடியே எழுதினால் உங்கட பேர்மிட் முழுக்கப் போயிடும். ரெண்டு வழிதான் இருக்கு. ஒரு மாதத்துக்குள்ளை இதை வெட்டுங்கோ. இல்லாட்டில் இந்தத் துண்டு எனக்கு வேண்டாமெண்டு எழுதித் தாங்கோ, அரச காடெண்டு விட்டுவிடுறன். விட்டால் திரும்பக் கிடையாது. உங்களுக்கும் இல்லை, பிள்ளையளுக்கும் இல்லை."

யானைக்கு வழி விடுவது ஒன்று, காணியை எழுதிக் கொடுப்பது வேறொன்று. சொந்த அண்ணன் தம்பிக்கே நாலு விரல் விட்டுக்கொடாத ஊரிலிருந்து வந்தவர். வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த நிலம். வெட்டுகிறேன் என்று அவர் சொன்னால் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன், சொல்லவும் எனக்கு உரிமையில்லை. அவர் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு அகலமெண்டு எழுதுவியள்?" என்று கேட்டார்.

அதிகாரி சங்கிலிக்காரனைப் பார்த்து அளவைச் சொல்லச் சொன்னார். இவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ரெண்டு முழம் கூட்டி எழுதுங்கோ ஐயா," என்றார். "குட்டி தாய்க்குப் பின்னாலை வாறேல்லை, பக்கத்திலைதான் வருது. அடியைப் பாத்தனான். வேலியோடை உரஞ்சி உரஞ்சிப் போகுது, பாவம்."

அதிகாரி பேனையை எடுத்தபடியே நின்றுவிட்டார். நான் தேத்தண்ணி வைக்கப் போகிறவள்போலக் குசினிக்குள் போனேன். அடுப்பு மூட்டவில்லை. கலியாணம் கட்டி இவ்வளவு நாளுக்குப் பிறகு, இந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.